கட்டுமான மூலை

ஜூலை 4

அக்காவுக்கு,

உன் மணிக்கட்டு உடைந்த செய்தி கீழ்வீட்டுக்காரர் வாய் வழியாகத்தான் எனக்கு வர வேண்டுமா? கன்வேயர் ஓடுகிற சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவர் சொன்னதில் பாதியைத்தான் பிடித்தேன். "உங்கக்காவ ஒரு ஆளு கிளாசுக்குள்ளயே பூந்து அடிச்சுட்டான் தம்பி. தலையில தையல் வேற. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அம்மா எடுத்து, "அவ தூங்குறாடா" என்கிறாள். பட்டப்பகலில் தூங்குகிறவளா நீ? சண்டை போட்டோம், சரி. உன் வகுப்பு அலமாரிகளை நீ கேட்ட அளவில் செய்யாமல் என் இஷ்டத்துக்குச் செய்தேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "இனி ஒரு ஆணி அடிக்கக்கூட என்னைக் கூப்பிடாதே" என்று நானும் பஸ் ஏறிவிட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடி வாங்கினவள் ரோஷம் பார்ப்பாளா?

எவன் அடித்தான், எதால் அடித்தான், ஏன் அடித்தான் என்று நேராக எழுது. காலே ஒடிந்தாலும் செருப்பின் வாரில் ஆரம்பித்துத்தான் நீ கதை சொல்வாய். அந்த வேலை வேண்டாம்.

உன் மூலைகளால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. பிள்ளைகளை வாசிப்பு மூலை, எண்ணும் மூலை, மணல் தொட்டி என்று பிரித்துவிட்டு, நீ ஒரு மேசையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்துவிடுவாய். மற்றவை தானாக ஓடுமாம். ஆபரேட்டர் இல்லாமல் ஓடுகிற மெஷின் எதையும் நான் நம்புவதில்லை. கைகளை இழுத்துக்கொள்வது அந்த மெஷின்கள்தான்.

பதில் வராவிட்டால் நேரில் வருவேன்.

தம்பி

*

ஜூலை 8

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். இதை என் ஒன்றாம் வகுப்பில் காட்டினால், "டீச்சர், இது யாரு எழுதுனது? கோட்டுக்குள்ளயே நிக்கல" என்பார்கள். இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள். போனில் நீ கேள்வியும் கேட்டுப் பதிலையும் நீயே சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பாய முடியாது. அதனால்தான் எடுக்கவில்லை.

பொட்டலத்தை உனக்கு நினைவிருக்கும். நீ அலமாரி பூட்ட வந்த அன்று உன் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். உனக்கு "ஸ்க்ரூ மாமா" என்று பெயர் வைத்தவனும் அவன்தான். உருண்டையாக இருப்பான், யாராவது தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பான், அதனால் அந்தப் பட்டப்பெயர். அவன் அப்பா சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறார். "எங்கப்பா வீட்டையே தூக்குவாரு" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவான்.

அன்று நான் வாசிப்பு மேசையில் ஐந்து பேரோடு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் மூலைகளில். அவரவர் படம் ஒட்டிய அட்டையை எந்த மூலையின் கொக்கியில் மாட்டுகிறார்களோ, அங்கேதான் அவர்களுக்கு வேலை. ஒரு மூலைக்கு நான்கு கொக்கி. நிறைந்துவிட்டால் வேறு மூலை பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் மூன்று பேரைக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகும் தீராவிட்டால்தான் டீச்சர். நான் வாசிப்பு மேசையில் இருக்கும்போது நடுவில் வரக் கூடாது. "ரத்தம் வந்தா மட்டும் வாங்க." கடைசி விதியை நான் சிரிப்புக்காகச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சட்டமாக்கிக்கொண்டார்கள்.

கட்டுமான மூலையில் நால்வர். நீ மேல்குழாயில் மாட்டிக்கொடுத்த கப்பியில் வாளி கட்டி மரக்கட்டைகளைத் தூக்குவது அவர்களுக்கு உயிர். அன்று பொட்டலம், "நான்தான் லோடு" என்றிருக்கிறான். வாளிக்குள் அவன் அடங்கவில்லை. வாளியைக் கழற்றிவிட்டுக் கயிற்றை அவன் மார்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து இழுத்ததும் கயிறு மேலே நழுவிக் கழுத்துக்கு வந்துவிட்டது. அவன் கால் உதறினான். நடிக்கிறான் என்று நினைத்து இவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். கயிற்றின் நுனியை அலமாரிக் காலில் கட்டியும் வைத்துவிட்டார்கள்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் இடுப்பளவு கேட்ட அலமாரி என் தலைக்கு மேல் நின்றது.

வக்கீலம்மாதான் வந்தாள். எல்லாவற்றுக்கும் விதி கேட்பாளே, அந்தக் குட்டி. முறைப்படி மூன்று பேரைக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். "ரத்தம் வருதா?" என்று கேட்டாளாம். வரவில்லை என்றார்களாம். மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் நிமிரும்வரை காத்திருந்தாள். "டீச்சர், ரத்தம் வரல. ஆனா அவன் கலரு சரியில்ல."

பிள்ளைகள் கத்தரிக்கோல் மொன்னை. கயிற்றைக் கடித்துத் துப்பியதே தவிர வெட்டவில்லை. அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு முடிச்சைப் பல்லால் இழுத்தேன். என் முன்பல் பாதி போயிற்று. தரையில் கிடத்தியபோது முகம் கத்தரிக்காய் நிறம், நாக்கு வெளியே. நெஞ்சை அழுத்தினேன், ஊதினேன், மறுபடி அழுத்தினேன். பிறகு என் மேலேயே வாந்தி எடுத்தான். அதைவிட நல்ல வாசனையை நான் என் ஆயுளில் முகர்ந்ததில்லை.

மறுநாள் காலை அவன் அப்பா இரும்புக் கம்பியோடு வந்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே வந்தார். மணல் தொட்டி, எண்ணும் மூலை, புத்தகங்கள் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனார். கட்டுமான மூலைக்குப் போகும்போது நான் குறுக்கே நின்றேன். அலமாரிக்குப் பின்னால் இரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள், அவருக்கு அது தெரியாது. கம்பி என் மணிக்கட்டில் இறங்கியது. அடுத்த அடி அலமாரியில். அது சரிந்து என் தலையில். வாட்ச்மேன் ஓடி வந்து அவர் மேல் பாய்ந்தார். இருவரும் மணலில் கட்டிப் புரண்டார்கள். வாட்ச்மேன் அவர் காதைக் கடித்துவிட்டார். "உன் கால ஒடிக்காம விடமாட்டேன்டா" என்று வாட்ச்மேன் கத்தியதைத் தெருவே கேட்டது.

கப்பியை யார் கொடுத்தது என்று தலைமையாசிரியை கேட்டார். நான் வாங்கியது என்றேன். வந்து நின்று வழக்காடாதே.

அக்கா

*

ஜூலை 11

அக்காவுக்கு,

நீ ஏன் பொய் சொன்னாய்? கப்பி என்னுடையது. "அரை டன் தாங்கும், உன் மொத்த வகுப்பையும் தூக்கலாம்" என்று பீற்றிக்கொண்டதும் நான்தான். அது கழன்று விழுந்திருந்தால் பையன் கீழே விழுந்து அழுதிருப்பான், அதோடு போயிருக்கும். கழலாதபடி மாட்டினேன். என் வேலையில் பழுது இல்லை என்பதுதான் இங்கே பழுது. இதை எழுதிவிட்டேன், இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

மற்றதற்கு வருவோம். அவன் பிள்ளை உயிரோடு இருக்கிறான். நீ காப்பாற்றினாய், அதுவும் பல்லைக் கொடுத்து. அதற்கு மறுநாள் அவன் உனக்குக் கொடுத்த பரிசு இரும்புக் கம்பி. நன்றி கெட்டவனுக்கு "அவர்", "வந்தார்", "போனார்" என்று மரியாதை வேறா? அவன் காதைக் கடித்த வாட்ச்மேனுக்கு நான் மாலை போடுவேன். கடித்துத் துப்பியிருக்க வேண்டும்.

இங்கே போன மாதம் ஒருவன் ரோலரில் கை விட்டான். தோள்வரை இழுத்துவிட்டது. மெஷினை நிறுத்தி, ரோலரைப் பின்னோக்கிச் சுற்றிக் கையை வெளியே எடுத்தது நான். எலும்பு எங்கே, சதை எங்கே என்று தெரியவில்லை. ரத்தம் பார்த்து மிரளுகிற ஆள் நான் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்த ரோலருக்குக்கூட மறுநாள் கம்பிவலை அடித்தோம். உன்னை அடித்தவனுக்கு என்ன வேலி? நாளைக்கு வேறொரு பிள்ளை முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் இன்னொரு அப்பன் கோடாலியோடு வருவான். ஒருத்தனுக்குக் கிடைத்தால்தான் மற்றவனுக்கு உறைக்கும்.

போலீசில் புகார் கொடு. மூலைகளை மூடு. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு எல்லோரையும் உன் கண் முன்னால் உட்கார வை. இந்த இரண்டையும் நீ செய்யாவிட்டால் ஒன்றை நான் செய்வேன்.

தம்பி

*

ஜூலை 14

தம்பிக்கு,

புகார் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

அந்த மனிதர் இப்போது தினமும் பள்ளிக் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வருவதில்லை. காதில் பிளாஸ்திரி. நேற்று நான் போகும்போது, "கை எப்படி இருக்கு டீச்சர்?" என்றார். "எழுதத்தான் முடியல" என்றேன். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "மேல கேபின்ல உக்காந்து கொக்கிய கீழ எறக்குறப்ப எல்லாம் என் புள்ள தொங்குறான் டீச்சர்" என்றார். அப்புறம், "உங்கள அடிக்கணும்னு வரல. அந்தக் கப்பிய அடிக்கத்தான் வந்தேன்" என்றார். நான் நம்பினேன். உனக்கு அது புரியாவிட்டால் பரவாயில்லை, நம்பியவள் நான் என்பதை மட்டும் மதித்துக்கொள்.

நீ சொன்ன வரிசையை நீ சொல்வதற்கு முன்பே தலைமையாசிரியை போட்டுப் பார்த்துவிட்டார். எல்லோரும் பலகையைப் பார்த்து உட்கார்ந்தார்கள், எல்லோரும் என் கண் முன்னால். முதல் நாளே ஒருவன் முன்னால் இருப்பவன் முதுகில் பென்சிலை இறக்கிவிட்டான். முனை உள்ளே ஒடிந்து, டாக்டரிடம் போய் எடுத்தோம். இரண்டாம் நாள் ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பல் பதியக் கடித்தாள். வேலை இல்லாத கை என்ன செய்யும்? வாசிக்கத் தெரிந்தவன் மற்றவர்களுக்காகக் காத்திருந்தான், தெரியாதவன் அவமானத்தில் உட்கார்ந்திருந்தான், இரண்டு பேருக்கும் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவதுதான் பாடம். மூன்றாம் நாள் அவரே பெஞ்சுகளை எடுக்கச் சொல்லிவிட்டார், விசாரணைவரை மறுபடி மூலைகள்தான். மூலைகளில் இப்படி நடந்ததே இல்லை. மணல் தொட்டியில் எழுத்தை எழுதி அழித்து எழுதி அழித்து ஒருத்தி தானாகவே தன் பெயரைக் கண்டுபிடித்தாள். அப்போது நான் அவள் பக்கத்தில்கூட இல்லை. அது என்ன சந்தோஷம் என்று ஓடுகிற கன்வேயரோடு மல்லாடுகிற உனக்கு எப்படிச் சொல்வேன்?

தப்பு நடந்தது. உன் அலமாரிகளை வாட்ச்மேன் இடுப்பளவுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டார். இப்போது மேசையிலிருந்து எல்லாத் தலையும் தெரிகிறது. கயிறு கிடையாது. "ரத்தம்" என்ற விதியை எடுத்துவிட்டேன். "பயமா இருந்தா வாங்க" என்று மாற்றினேன். வக்கீலம்மா, "எவ்வளவு பயம் டீச்சர்?" என்று கேட்டாள். கொஞ்சமாக இருந்தாலும் வரலாம் என்று தீர்ப்புக் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் விசாரணைக் குழு வருகிறது. மூலைகள் இருக்குமா, நான் இருப்பேனா என்பது அன்று முடிவாகும். எனக்கு இருப்பது இந்த ஒரு வகுப்பறை. அதுவரை என் பக்கம் ஒரு சின்னச் சண்டைகூட வரக் கூடாது. நீ வராதே. கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

அக்கா

*

ஜூலை 15

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மூன்று நாளுக்கு மேல் எதற்கும் காத்திருக்க எனக்குத் தெரியாது.

இனி அவன் உன் வகுப்புக்குள் வர மாட்டான். கிரேன் ஏணியும் ஏற மாட்டான். முட்டி. அதற்கு மேல் கேட்காதே.

நான் ஊருக்கு வரவில்லை. யார் கேட்டாலும் அதைத்தான் சொல். அம்மாவிடம் மூச்சு விடாதே.

தம்பி

*

ஜூலை 20

தம்பிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் "வராதே" என்று எழுதி ஒட்டிய மறுநாள் நீ வந்துபோய்விட்டாய்.

நான் கேட்கவில்லை. ஊரே சொல்கிறது. கிடங்கு வாசலில் ஷிப்ட் மாறுகிற நேரம், ஹெல்மெட் போட்ட ஒருவன், கையில் பைப் ரென்ச். முதல் அடியில் அவர் விழுந்தார். விழுந்த பிறகு இரண்டு. கடைசி அடியின் சத்தம், "காஞ்ச விறகு முறிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று கேட்டில் நின்றவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முட்டிச் சில்லு நொறுங்கிவிட்டதாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டதாம். அறுவை செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். மடக்க முடியாது என்கிறார்கள். நீ சொன்னது சரி, ஏணி ஏற மாட்டார்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பொட்டலம் பக்கத்தில் நின்றிருந்தான். டாக்டரிடம் கழுத்தைக் காட்டிவிட்டு அப்படியே கிடங்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார். விழும்போதும் பிள்ளையின் விரலை விடவில்லை, அவனும் சேர்ந்து விழுந்தான். உன் இரண்டாவது அடியும் மூன்றாவது அடியும் அவன் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இறங்கின என்று நீயே அளந்துகொள். அளவெடுப்பதுதானே உன் தொழில்.

அவன் வியாழக்கிழமை வகுப்புக்கு வந்தான். கழுத்தில் கயிற்றுத் தழும்பு. குரல் இன்னும் திரும்பவில்லை, காற்றுப்போன பந்தை அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம்தான். நேராகப் பொம்மைகள் இருக்கிற வீட்டு மூலைக்குப் போய் அட்டையை மாட்டினான். பெரிய பொம்மையைத் தரையில் படுக்க வைத்தான். மணல் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஒரு கட்டையை எடுத்துப் பொம்மையின் காலில் அடித்தான். நிறுத்தினான். மறுபடி இரண்டு. பிறகு வாளியைக் கழற்றிவிட்டுப் பொம்மை பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அதன் விரலைப் பிடித்துக்கொண்டான். எழுந்து மறுபடி வாளி. மணி அடிக்கும்வரை அதேதான். நான் வாசிப்பு மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் எல்லாம் தெரிகிறதே, அலமாரி இடுப்பளவு.

வக்கீலம்மா அவனிடம் போய்க் கேட்டாள். அவன் ஸ்க்ரூ முடுக்குவது போல விரலைத் திருகிக் காட்டினான். பிறகு என்னிடம் வந்தாள். "டீச்சர், வாளி போட்டிருக்கிறது யாருன்னு கேட்டேன். ஸ்க்ரூ மாமாவாம். ஸ்க்ரூ மாமா நல்லவருதான?"

நீ அடிக்கும்போது ஏதோ கத்தினாயாம். குரலை வைத்துப் பிடித்துவிட்டான்.

போலீஸ் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. காலை ஒடிப்பேன் என்று அவர் கத்தியதற்கு ஊரே சாட்சி. உள்ளங்காலில் அடிக்கிறார்கள். அவர் மனைவி சாப்பாடு கொண்டுபோனபோது சுவரைப் பிடித்துக்கூட அவரால் நிற்க முடியவில்லை. விரல் நகம் இரண்டு இல்லையாம். நீ மாலை போடப்போவதாகச் சொன்ன ஆள்.

என்ன செய்யப் போகிறாய்?

அக்கா

*

ஜூலை 23

அக்காவுக்கு,

பையன் இருந்ததை நான் பார்க்கவில்லை. மழைத் தூறல், ஹெல்மெட் கண்ணாடி மங்கியிருந்தது. நான் பார்த்தது ஒரு ஆள், ஒரு கால். சத்தியமாகப் பார்க்கவில்லை.

யோசித்துப் பார். நான் போய் நின்றால் என்ன ஆகும்? என் வேலை போகும், அது கிடக்கட்டும். மாதக் கடைசியில் உன்னிடம் விசாரணைக்கு வருகிறவர்கள், "டீச்சரோட தம்பி ரவுடியாமே, அப்பனை ஆள் வச்சு அடிச்சாளாமே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீ சொல்லித்தான் நான் செய்தேன் என்பார்கள். உன் மூலைகள் அன்றோடு சரி. உனக்கு இருப்பது அந்த ஒரு வகுப்பறை என்று எழுதியிருக்கிறாய். அதை என் கையாலேயே இடிக்கச் சொல்கிறாயா?

வாட்ச்மேன் மேல் சாட்சியம் இல்லை. அடிப்பார்கள், அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு சண்டையை மட்டும் விலக்கியிருக்கலாம். ஊர் கேட்கக் கத்தச் சொன்னது யார்?

பையன் பேச முடியாதவன். ஆறு வயது. விளையாட்டில் சொன்னதை யார் எடுத்துக்கொள்வார்கள்? அவனை வேறு மூலைக்கு மாற்று. அந்தப் பொம்மையை ஒளித்து வை. மறந்துவிடுவான்.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நேற்று ஒரு பம்ப்பைக் கழற்றும்போது ரென்ச் கையில் நிற்கவில்லை, நழுவி என் கால் மேலேயே விழுந்தது. இந்த ஊரையே விட்டுப் போய்விடட்டுமா? நீ சொல். நீ சொன்னால் போகிறேன்.

தம்பி

*

ஜூலை 26

தம்பிக்கு,

நான் சொல்ல மாட்டேன்.

நேற்று போலீஸ் இன்ஸ்பெக்டர் என் வகுப்புக்கு வந்தார். யாரோ பெற்றோர் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், பையன் என்னமோ விளையாடுகிறான், அவனுக்கு ஆள் தெரியும் என்று. வீட்டு மூலையின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பொட்டலத்தைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி நிறுத்தினார். "யாருடா அடிச்சது? சொன்னா மிட்டாய்." பிள்ளை வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு விரலை அந்தத் தழும்பின் மேல் வைத்து, "இங்க அமுக்கினா சத்தம் வருமா?" என்றார். பையன் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டான். அவர் பூட்ஸ் மேல் பட்டதும் கையை ஓங்கினார்.

என் கட்டுப்போட்ட கையை நடுவில் நீட்டினேன். அடி அதன் மேல் விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. "பிள்ளைய விடுங்க. செஞ்சவன் தானா வருவான்" என்றேன்.

"யாரு?"

"வருவான்."

"எப்ப?"

"திங்கள் சாயந்தரத்துக்குள்ள."

"வரலேன்னா?"

"நான் வந்து பேரச் சொல்றேன்."

பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொம்மையை ஒளித்து வைக்கச் சொல்கிறாய். இந்த வகுப்பில் எதையும் ஒளித்து வைப்பதில்லை. கலைத்தவர்தான் அடுக்க வேண்டும். மணலைக் கொட்டியவன் துடைப்பத்தை எடுக்கிறான், நான் பார்த்தாலும் எடுக்கிறான், பார்க்காவிட்டாலும் எடுக்கிறான். மற்றவனை மாட்டிவிட்டுப் போகிறவன் முதல் வாரத்தில் இருப்பான், இரண்டாம் மாதத்தில் இருக்க மாட்டான். அதற்குத்தான் மூலைகள். வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேறு நூறு வழி இருக்கிறது.

என் வேலை போகும் என்கிறாய். போகும். எனக்கும் தெரியும். விசாரணைக்காக நான் எழுதி வைத்ததை எல்லாம் நேற்று எடுத்துப் படித்தேன், நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஒரு ஆளின் நகத்தைப் பிடுங்கவிட்டு, ஒரு பிள்ளையின் கழுத்தை அமுக்கவிட்டு அந்த அறையைக் காப்பாற்றினால், காப்பாற்றின அறையில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

பஸ் ஸ்டாண்டுக்கு வர மாட்டேன். ஸ்டேஷன் வாசலில் நிற்க மாட்டேன். உன் பின்னால் யாரும் நின்று பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

சிறையில் தாள் கொடுக்கிறார்கள், ஒரு ஆளுக்கு இரண்டு. சுருக்கமாக எழுதுகிறேன்.

திங்கள் மதியமே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். சாயந்தரம்வரை காத்திருக்க முடியவில்லை. வாசலில் இருந்த காவலர், "என்ன வேணும்?" என்றார். "கிரேன் ஆபரேட்டரை அடித்தது நான்" என்றேன். "போய் வரிசையில உக்காரு" என்றார். சைக்கிள் தொலைத்தவன் ஒருவனுக்குப் பின்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு யாருக்கோ உறைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். உதடு கிழிந்தது, விலா ஒன்று உடைந்தது. "அக்கா சொல்லித்தான செஞ்ச?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். "என்னை வரக் கூடாதுன்னு சொன்னவ அவ" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. உன் ஜூலை 14 கடிதம் என் பையில் இருந்தது. கொடுத்தேன். படித்துவிட்டு இன்ஸ்பெக்டர், "டீச்சர் கையெழுத்தா இது?" என்றார்.

வாட்ச்மேனை அன்றே விட்டார்கள். இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள், பாதம் இரண்டும் உப்பிப் பலாப்பழம் மாதிரி இருந்தது. என்னைக் கடக்கும்போது நின்றார். தாங்கினவர்களை உதறிவிட்டுத் தலையால் என் மூக்கில் முட்டினார். மூக்குத்தண்டு போய்விட்டது. "கால ஒடிப்பேன்னு வாயாலதான்டா சொன்னேன்" என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

அம்மா வந்தாள். உன்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், மூலைகளைக் கலைத்து அலமாரிகளைப் பின்கட்டில் குவித்துவிட்டார்கள் என்றாள். பெஞ்சு வரிசை வந்துவிட்டதாம். புது டீச்சர் பிரம்பு வைத்திருக்கிறாளாம். வக்கீலம்மா எழுந்து நின்று, "அட்டைய எங்க மாட்டுறது?" என்று கேட்டு அதற்கும் ஒரு அடி வாங்கினாளாம். இதற்கு நான் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதி எழுதி அடித்துவிட்டேன். தாள் வீண்.

நேற்று அடையாளம் காட்டுவதற்காக என்னைத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கிரேன் ஆபரேட்டர் கக்கத்தில் கட்டை ஊன்றி வந்தார். காலை மடக்காமல் வீசி வீசி. பக்கத்தில் பையன். இன்ஸ்பெக்டர் என் விலங்கைக் கழற்றிவிட்டு, "நான் டீ குடிச்சுட்டு வரேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

அவர் என் முன்னால் வந்து நின்றார். மூச்சு இரைத்தது. "என் புள்ள பக்கத்துல இருந்தான்டா" என்றார். கட்டையை இரண்டு கையாலும் தூக்கி என் தோளில் இறக்கினார். அடி நன்றாக விழுந்தது, இன்று அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. ஆனால் ஊன்றியிருந்ததே அந்தக் கட்டைதான். அடித்த வேகத்தில் அவரும் போனார். விழுந்தது கம்பி வைத்த கால் மேல். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

அறையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. குனிந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கனமான மனிதர், அதுவும் ஒரு பக்கக் கனம். ஒரு கையால் என் முகத்தைத் தள்ளினார், உடைந்த மூக்கிலேயே. இன்னொரு கையால் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார், விட்டால் மறுபடி விழுவார்.

பையன் கீழே கிடந்த கட்டையை எடுத்தான். அது அவனைவிட உயரம், இரண்டு கையாலும் இழுத்துத்தான் ஓங்க முடிந்தது. என் முதுகில் அடித்தான். மறுபடி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காற்றுச் சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. தடுக்க எனக்குக் கை இல்லை, இரண்டும் அவன் அப்பாவைப் பிடித்திருந்தன.

பெஞ்சு நாலடி தள்ளி இருந்தது. சட்டென்று இறக்கினால் அந்த முட்டி தாங்காது. அதனால் மெதுவாகத்தான் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

தம்பி